யூபிக் சொற்களைப் பகுக்கும் எந்திரம்: ஆவணப்படுத்தும் வேலைக்கு அது எங்கே உதவுகிறது?

நன்னூல்மாணவி எழுதியது:

வணக்கம். மூன்று மாதங்களாக என் மாலை நேரம் முழுவதையும் எடுத்துக்கொண்ட ஒரு வேலையைப் பற்றிச் சொல்லி, உங்களிடம் ஒரு கேள்வி கேட்க வந்திருக்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேரிங் கடலில் செயின்ட் லாரன்ஸ் தீவு இருக்கிறது. ஆட்சிப்படி அது அலாஸ்காவைச் சேர்ந்தது. ஆனால் அலாஸ்காக் கரையைவிட உருசியாவின் சுக்கோத்கா கரைதான் அதற்குப் பக்கம். தீவார் அதைச் சிவுகாக் என்கிறார்கள். கேம்பல், சவூங்கா என்று இரண்டே ஊர்கள். அவர்கள் மொழி அக்குசிப்பிக். ஆய்வு நூல்களில் செயின்ட் லாரன்ஸ் தீவு யூபிக் என்றும் மத்திய சைபீரிய யூபிக் என்றும் வரும். கடலுக்கு அக்கரையில் நோவோயே சாப்லினோ, சிரெனிகி ஆகிய ஊர்களிலும் இதே மொழி உண்டு. 1992 இல் மொழியியலாளர் மைக்கேல் கிராஸ், அலாஸ்காவின் 20 பூர்வகுடி மொழிகளில் குழந்தைகள் இன்னும் கற்றுவரும் மொழிகள் இரண்டே என்று எழுதினார். அந்த இரண்டில் ஒன்று இது. அதற்குப் பிறகு இந்தத் தீவிலும் பிள்ளைகள் ஆங்கிலத்துக்கு மாறத் தொடங்கிவிட்டார்கள்.

2018 இல் எமிலி சென், லேன் ஷ்வார்ட்ஸ் இருவரும் இம்மொழிக்கு உருபனியல் பகுப்பாய்வி ஒன்றை வெளியிட்டார்கள். விதிகளுக்கு ஸ்டீவன் ஜேக்கப்சன் 2001 இல் வெளியிட்ட இலக்கணம். சொற்களுக்கு 2008 இல் வந்த பெரிய அகராதி. இரண்டையும் ஃபோமா என்ற கட்டற்ற மென்பொருளில் விதிகளாக எழுதினார்கள். சொல்லை உள்ளே கொடுத்தால் பகுதியும் ஒட்டுகளும் விகுதியும் பிரிந்து வெளியே வரும். பகுப்பைக் கொடுத்தால் அதே எந்திரம் சொல்லைக் கட்டியும் தரும்.

இதைப் படித்தபோது என் கை சும்மா இருக்கவில்லை. இலக்கண நூலின் முதல் சில பாடங்களை வைத்துச் சிறிய நகல் ஒன்றை நானே எழுதிப் பார்த்தேன். அப்போது எனக்குத் துணை நின்றது கணினிப் பாடம் அன்று, பள்ளியில் படித்த நிலைமொழி, வருமொழிதான். ஒரே ஒரு சொல்லை எடுத்துக் காட்டுகிறேன். ஜேக்கப்சன் தரும் சொல் இது:

மங்தெகாக்ருக்லாங்லாக்யுன்கிதுங்கா

'மிகப் பெரிய வீடு ஒன்றைக் கட்ட நான் விரும்பவில்லை' என்று பொருள். ஒரு வாக்கியம் முழுவதும் ஒரே சொல். பிரித்தால்: மங்தெகாக் (வீடு), க்ருக்லக் (மிகப் பெரிய), ங்லாக் (உண்டாக்கு), யுக் (விரும்பு), ன்கிதெ (எதிர்மறை), பிறகு வினைமுற்றுக் குறி, கடைசியில் 'நான்' என்பதைக் காட்டும் ங்கா. பார்க்க எளிதாகத்தான் தெரிகிறது. ஆனால் ஒவ்வொரு மூட்டிலும் ஏதாவது ஒன்று நடக்கிறது. வீட்டின் ஈற்று மெய்யும் 'க்ருக்லக்' என்பதன் முதல் மெய்யும் ஒரே ஒலி. இரண்டில் ஒன்றுதான் மிஞ்சுகிறது. 'ங்லாக்' வரும்போது நிலைமொழியின் ஈற்று மெய் கெடுகிறது. 'யுக்' வரும்போது கெடாமல் நிற்கிறது. மறுபடி 'ன்கிதெ' வரும்போது, இப்போதுதான் சேர்ந்த 'யுக்' தன் ஈற்று மெய்யை இழந்து 'யு' ஆகிறது. 'ன்கிதெ' என்பதன் ஈற்று உயிரோ அடுத்த விகுதிக்கு முன்னால் காணாமல் போகிறது.

எந்த ஒட்டு நிலைமொழியை என்ன செய்யும் என்பதை ஜேக்கப்சன் ஒவ்வோர் ஒட்டின் தலையிலும் ஒரு சிறு குறியாகப் போட்டு வைத்திருக்கிறார். கழித்தல் குறி இருந்தால் ஈற்று மெய் கெடும், கூட்டல் குறி இருந்தால் கெடாது. இப்படி இன்னும் பல குறிகள். நன்னூலின் புணரியலை யாரோ சுருக்கெழுத்தில் எழுதியதுபோல் இருந்தது எனக்கு. அந்தக் குறிகளை விதிகளாக மாற்றுவதுதான் வேலையே.

இப்போது கேள்வி. என்னுடன் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: 'புத்தகத்தில் ஏற்கெனவே இருப்பதை எந்திரத்துக்குள் திணிக்கிறாய். புத்தகத்தில் இருப்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். இதனால் மொழியைப் பற்றிப் புதிதாக எது பதிவாகிறது?' என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

—

நிரல்தச்சன் எழுதியது:

உங்கள் நண்பர் பாதி சரி. விதி எழுதும் முறைக்கு ஓர் எல்லை உண்டு. அகராதியில் இல்லாத பகுதி வந்தால் எந்திரம் வாயே திறக்காது. இலக்கண நூலின் பயிற்சி வாக்கியங்களில் மிக நன்றாக வேலை செய்யும் எந்திரம், பெரியவர்கள் சொன்ன கதைகளைக் கொடுத்தால் தடுமாறும். நூலில் வரும் சொற்கள் நூலாசிரியர் தேர்ந்தெடுத்தவை. கதையில் வருபவை அப்படி இல்லை.

அதனால்தான் அதே குழு 2019 இல் வேறு வழியையும் பார்த்தது. செயற்கை நரம்பு வலை என்பது எடுத்துக்காட்டுகளைப் பார்த்துத் தானே பழகும் நிரல். அதைப் பழக்குவதற்கு இலட்சக்கணக்கில் சொல்லும் பகுப்பும் வேண்டும். யூபிக்குக்கு அவ்வளவு பகுத்த பனுவல் கிடையாது. அவர்கள் செய்தது என்னவென்றால், விதி எந்திரத்தையே ஆசிரியராக்கினார்கள். அதைக் கொண்டு சொல்–பகுப்பு இணைகளைப் பெருமளவில் உண்டாக்கி, அவற்றால் நரம்பு வலையைப் பழக்கினார்கள். பழகிய வலை எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் ஒரு விடை தரும். அகராதியில் இல்லாத பகுதியையும் வடிவத்தைப் பார்த்து ஊகிக்கும்.

நான் வேலை பார்க்கும் துறையில் இதுதான் இன்றைய நடைமுறை. விதிகளை ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டிருக்க இம்மொழிக்குக் காலம் இல்லை. பேசுபவர்களின் வயது ஏறிக்கொண்டே போகிறது. விரைவாக எல்லாப் பனுவலையும் பகுத்து வைத்துவிட வேண்டும் என்பது என் கருத்து.

—

அகராதிக்காரன் எழுதியது:

நிரல்தச்சன் தம்பி, காலம் குறைவு என்பதை முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் ஒரு விடை தரும்' என்பதை நீங்கள் ஒரு பலமாகச் சொல்கிறீர்கள். ஆவணப்படுத்துபவன் கண்ணுக்கு அதுவே ஆபத்து.

அம்மா நன்னூல்மாணவி, உங்கள் கேள்விக்கு என் பதில் இது. எந்திரம் பகுத்துக் கொடுத்த சொற்களை ஒரு பக்கம் வையுங்கள். அது திணறி நின்ற சொற்களின் பட்டியலை எடுங்கள். புத்தகத்தில் இருப்பது மட்டும்தான் எந்திரத்துக்குத் தெரியும் என்றால், அதற்குத் தெரியாதது எல்லாம் புத்தகத்தில் இல்லாதது. இலக்கணத்திலும் அகராதியிலும் ஏறாத சொல், ஏறாத ஒட்டு, தப்பாக எழுதிய விதி, எழுத்துப் பிழை எல்லாம் அந்தப் பட்டியலில்தான் கிடக்கும். இந்த அளவு நேர்மையாக ஓர் அகராதியின் ஓட்டையைக் காட்ட மனிதனால் முடியாது. மனிதன் படித்துக்கொண்டே போகும்போது மனத்துக்குள் திருத்திக்கொண்டு நகர்ந்துவிடுவான். எந்திரம் நகராது.

என் வாழ்க்கையில் நடந்தது ஒன்று. நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு ஓர் அகராதித் திட்டத்தில் சொல்லட்டை எழுதும் வேலையில் இருந்தேன். நாட்டுப்புறக் கதைகளிலிருந்து சொற்களை எடுத்து எழுதுவோம். ஏற்கெனவே உள்ள தலைச்சொல்லோடு பொருந்தும் அட்டை அந்தந்த இழுப்பறைக்குப் போகும். பொருந்தாத அட்டைகளை ஒரு பிஸ்கட் தகரப்பெட்டியில் போட்டோம். 'பிறகு பார்ப்போம்' என்று மூடியில் எழுதி ஒட்டியிருந்தது. அலுவலகம் இடம் மாறியபோது இழுப்பறைகள் எல்லாம் பத்திரமாக வந்து சேர்ந்தன. பெட்டி வரவில்லை. எங்களுக்குத் தெரிந்த சொற்கள் அத்தனையும் பிழைத்தன, தெரியாத சொற்கள் அத்தனையும் போயின. இன்றைக்கும் அந்தப் பெட்டியின் நீல நிறம் கண்ணில் நிற்கிறது.

தன் விடையை எப்போதும் உறுதியோடு சொல்லும் எந்திரம், அந்தப் பெட்டியே இல்லாமல் செய்துவிடும். எல்லா அட்டையும் ஏதோ ஓர் இழுப்பறைக்குள் போய்விடும். எது ஊகத்தில் போனது, எது அறிந்து போனது என்று பிறகு எவரால் சொல்ல முடியும்?

—

நன்னூல்மாணவி எழுதியது:

ஐயா, இரண்டு முறை படித்தேன். நன்றி. என் நண்பருக்கு அப்படியே அனுப்பிவிட்டேன்.

இதையொட்டி என் சொந்த அனுபவம் ஒன்று. என் நகல் எந்திரம் முதலில் திணறியது மேலே சொன்ன அந்த நீண்ட சொல்லிலேயே. 'ன்கிதெ' என்ற எதிர்மறை ஒட்டு இருக்கிறதல்லவா? உரோம எழுத்தில் அது என், ஜி, எச் என்ற மூன்றில் தொடங்குகிறது. யூபிக் எழுத்துமுறையில் என்னும் ஜியும் சேர்ந்தால் ஙகர ஒலி. ஜியும் எச்சும் சேர்ந்தால் அடித்தொண்டையில் உரசி எழும் ஒரு மெய். மூன்றும் அடுத்தடுத்து நின்றால் எங்கே வெட்டுவது? என் நிரல் இடமிருந்து படித்து, முதலில் கண்ட சேர்க்கையை ஙகரமாக எடுத்துக்கொண்டது. எச் அந்தரத்தில் தொங்கியது. உண்மையில் இங்கே இருப்பது னகரமும் அடித்தொண்டை மெய்யும். அலாஸ்காப் பெருநிலத்து யூபிக்கில் இதே ஒட்டின் உறவுச்சொல்லைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறுதியாயிற்று. அங்கே எழுத்துமுறை வேறு, குழப்பம் இல்லை.

இன்னொன்று இதைவிட நுட்பமானது. இம்மொழியில் உரசொலிகளும் மூக்கொலிகளும் குரலோடும் வரும், குரலின்றியும் வரும். குரலின்றி வந்தால் எழுத்தை இரட்டித்து எழுத வேண்டும். ஆனால் பக்கத்தில் நிற்கும் எழுத்தே குரலில்லா ஒலி என்று காட்டிவிட்டால், இரட்டிக்க வேண்டாம் என்று விட்டுவிடுகிறார்கள். 'கிக்மிக்' என்றால் நாய். அதில் மகரம் குரலின்றி ஒலிக்கிறது. முன்னால் ககரம் நிற்பதால் ஒரே மகரம் எழுதினால் போதும். தாய்மொழியாகப் பேசுபவருக்கு இது தொல்லையே இல்லை. எந்திரத்துக்கோ அந்த மகரம் எப்படி ஒலிக்கிறது என்பது எழுத்தில் இல்லை. ஒலி எல்லாவற்றையும் விரித்து எழுதிக்கொண்டு, புணர்ச்சி விதிகளை நடத்தி, கடைசியில் மறுபடி சுருக்கி எழுத வேண்டும். சென்னும் ஷ்வார்ட்ஸும் பகுப்பாய்விக்கு முன்பே, 2017 இல், இந்த எழுத்துச் சிக்கலுக்காகவே ஓர் இணையக் கருவி செய்திருக்கிறார்கள் என்று பிறகு அறிந்தேன். ஏன் அதை முதலில் செய்தார்கள் என்று இப்போது நன்றாகப் புரிகிறது.

தமிழ் எழுத்தில் நான் எழுதிக் காட்டும் வடிவங்களை அப்படியே ஒலிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். யூபிக்கில் அண்ணத்தின் பின்புறம் பிறக்கும் ககரமும் அதற்கும் உள்ளே உள்நாக்கில் பிறக்கும் ககரமும் வேறு வேறு. நம் எழுத்தில் இரண்டும் ஒரே 'க்'. 'மங்தெகாக்' தனியே நின்றால் ஈற்றில் உள்நாக்கு வல்லொலி. ஒட்டு வந்து சேர்ந்தால் அதே இடத்தில் உரசொலி. நீங்கள் படிக்கும்போது இந்த மாற்றம் கண்ணுக்கே தெரியாது.

—

கடலோரம் எழுதியது:

நான் மொழி கற்பிக்கும் ஆசிரியை. கணினி எனக்கு அவ்வளவாக வராது. இந்த உரையாடலில் ஓர் ஆள் குறைகிறார் என்று தோன்றியதால் எழுதுகிறேன். அவர் மொழியைக் கற்கும் பேரன் அல்லது பேத்தி.

சவூங்காவில் ஒரு பெண் பாட்டியிடமிருந்து அந்த வீட்டுச் சொல்லைக் கேட்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் வளர்ந்தவள். அகராதியைத் திறக்கிறாள். எந்த இடத்தில் தேடுவாள்? அந்த நீளச் சொல் அகராதியில் இல்லை, இருக்கவும் முடியாது. இப்படிப்பட்ட சொற்கள் பேசும்போதே பிறப்பவை. 'மங்தெகாக்' அங்கே இருக்கிறது; ஒட்டுகள் தனிப் பகுதியில் இருக்கின்றன. ஆனால் எது எங்கே முடிந்து எது எங்கே தொடங்குகிறது என்று தெரிந்தவருக்குத்தான் அகராதியே திறக்கும். தெரியாதவருக்குத்தானே அகராதி வேண்டும்! பூட்டிய பெட்டிக்குள் சாவி இருப்பது போன்றது இது. பகுப்பாய்வியை அகராதியின் முன்னால் வைத்தால் அவள் கேட்ட சொல்லை அப்படியே தட்டலாம். அது பகுதியைக் கண்டுபிடித்து அகராதிப் பக்கத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தும். என்னைக் கேட்டால் இந்த எந்திரத்தின் முதல் வேலை இதுதான். ஆய்வுக் கட்டுரை அதற்குப் பிறகு வரட்டும்.

பெருநிலத்தில் பேசப்படும் மத்திய அலாஸ்கா யூபிக் வேறு மொழி என்பதையும் சொல்லிவிடுகிறேன்; இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுபவர்களை நிறையப் பார்க்கிறேன். அங்கே பேசுபவர்கள் பல மடங்கு அதிகம். அதன் அகராதியையும் ஜேக்கப்சனே தொகுத்தார்: 1984 இல் முதல் பதிப்பு, 2012 இல் விரிந்த பதிப்பு. அம்மொழிக்கும் 2020 இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் முதுகலை ஆய்வாக ஒரு பகுப்பாய்வி உருவாயிற்று. அதைச் செய்தவர் யூபிக் இனத்தவரே. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

நிரல்தச்சன், நீங்கள் சொன்ன அவசரம் எனக்கும் உண்டு. அக்கரையைப் பாருங்கள். 1948 இல் எல்லை மூடப்பட்டது. ஒரே மொழி பேசும் உறவினர்கள் 40 ஆண்டுகள் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. 1988 இல்தான் அலாஸ்காவிலிருந்து நட்பு விமானம் போனது. அதற்கு இடையே, 1950களின் இறுதியில், பழைய சாப்லினோ, நவுகான் என்ற யூபிக் ஊர்களை மூடி மக்களை வேறு இடங்களுக்குப் பெயர்த்தார்கள். சிரெனிகியில் இப்போது அக்குசிப்பிக் இருந்தாலும், அந்த ஊரின் பழைய சொந்த மொழி இதற்கு உறவான தனி மொழி. அதைப் பேசிய கடைசிப் பெண்மணி 1997 இல் மறைந்தார். இன்று அந்த மொழிக்கு எவரும் எந்திரம் செய்யலாம். அது திணறும் சொல்லைக் கொண்டுபோய்க் காட்டிப் பொருள் கேட்க ஆள் இல்லை.

அகராதிக்காரன் ஐயா சொன்ன பட்டியலின் மதிப்பும் இதில்தான் இருக்கிறது. பட்டியலை எடுத்துக்கொண்டு போய் உட்காரச் சிவுகாக்கில் இன்னும் வீடுகள் இருக்கின்றன.

—

நிரல்தச்சன் எழுதியது:

கடைசி இரண்டு வரிகள் என்னை நிறுத்திவிட்டன. நேற்று இரவு முழுவதும் இதையே யோசித்தேன்.

என் நிலையைத் திருத்திக்கொள்கிறேன். விரைவாகப் பகுத்து வைப்பதைப் பற்றி எழுதினேன். ஆனால் பிறகு எவரும் சரிபார்க்க முடியாத பகுப்பு இருந்து என்ன பயன்? இரண்டு எந்திரங்களும் வேண்டும், ஆனால் வரிசை முக்கியம். முதலில் விதி எந்திரம். அது அறிந்த சொல்லை அது பகுக்கட்டும். அது நின்ற இடத்தில் நரம்பு வலையும் ஊகிப்பானும் வரட்டும். ஊகிப்பான் என்பது விதி எந்திரத்தின் ஒரு நீட்சி: பகுதி அகராதியில் இல்லாவிட்டாலும், யூபிக் ஒலியமைப்புக்கு ஒத்த ஏதோ ஒரு பகுதி என்று வைத்துக்கொண்டு மிச்சத்தைப் பிரிக்கும். அவை தரும் விடை எதுவாக இருந்தாலும் 'ஊகம்' என்ற முத்திரையோடுதான் சேமிப்பில் ஏற வேண்டும். பெரியவர் ஒருவர் கேட்டு ஒப்புக்கொண்ட பிறகே முத்திரை நீங்க வேண்டும்.

இன்னொரு சிக்கலையும் எவரும் தொடவில்லை. திணறுவது ஒரு பக்கம். அளவுக்கு மீறி விடை தருவது மறு பக்கம். ஒரு கணக்குப் போடுங்கள். பெயர்ச்சொல்லுக்கு 7 வேற்றுமை. ஒருமை, இருமை, பன்மை என்று எண் 3. உடையவர் யார் என்பதும் சொல்லிலேயே வரும்: 4 இடம், 3 எண், ஆக 12, உடையவர் இல்லாத வடிவம் 1. மொத்தம் 7 பெருக்கல் 3 பெருக்கல் 13, அதாவது 273 கட்டங்கள், ஒரே பெயர்ச்சொல்லுக்கு! இதில் பல கட்டங்களில் வடிவம் ஒன்றுபோலவே இருக்கும். எந்திரம் அத்தனையையும் வரிசையாகக் கொட்டும். வாக்கியத்தைப் படித்துத்தான் எது பொருந்தும் என்று முடிவு செய்ய முடியும்.

—

வழிப்போக்கன் எழுதியது:

இடம் என்றால் தன்மை, முன்னிலை, படர்க்கை மூன்றுதானே? நான்காவது எது?

—

நன்னூல்மாணவி எழுதியது:

'அவன் தன் வீட்டுக்குப் போனான்', 'அவன் அவன் வீட்டுக்குப் போனான்' என்ற இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். முதல் வாக்கியத்தில் சொந்த வீடு. இரண்டாவதில் வேறொருவன் வீடாகவும் இருக்கலாம். நம் 'தன்' செய்யும் வேலையை யூபிக்கில் ஒரு விகுதி செய்கிறது. அதைத்தான் நான்காம் இடம் என்று எண்ணுகிறார்கள். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு நிமிடம் கூட ஆகவில்லை. தமிழ் அறிந்ததன் பேறு.

—

வழிப்போக்கன் எழுதியது:

புரிந்தது, நன்றி. தமிழுக்கு இப்படி ஓர் எந்திரம் உண்டா?

—

நிரல்தச்சன் எழுதியது:

உண்டு. இலங்கையைச் சேர்ந்த ஆய்வாளர் சர்வேஸ்வரன் முதலியோர் செய்த தமிழிமார்ஃப். அதுவும் இதே ஃபோமாவில் எழுதப்பட்டதுதான். அதைப் பற்றித் தனி இழை தொடங்கினால் அங்கே விரிவாகப் பேசலாம்.

—

அகராதிக்காரன் எழுதியது:

தம்பி, திருத்திக்கொண்டதற்கு நன்றி. 'ஊகம்' என்ற முத்திரை மிக நல்ல யோசனை. அதற்கு மேல் நான் இரண்டு சொல்ல வேண்டும்.

ஒன்று, பகுப்பை மூலத்தின் மேல் எழுதாதீர்கள். மூலம் ஒரு தனிக் கோப்பு. அதற்கும் முன்னால் ஒலிப்பதிவு. பகுப்பு மூன்றாவது அடுக்கு. எந்திரத்தின் விதி நாளை மாறினால் மூன்றாவது அடுக்கைக் கழற்றிவிட்டுப் புதிதாக மாட்டலாம். கீழே உள்ள இரண்டும் அசையக் கூடாது. பகுப்புக்கு ஏற்ற மாதிரி மூலத்தின் எழுத்தை 'திருத்திய' பதிப்புகளைப் பார்த்திருக்கிறேன். கேம்பல் பெரியவர் ஒரு மாதிரி சொன்னார், சவூங்காப் பெரியவர் வேறு மாதிரி சொன்னார் என்ற வேறுபாடே ஒரு செய்தி. விதிக்கு ஒத்து வராத வடிவத்தைப் பிழை என்று தள்ளினால் அந்தச் செய்தி அழிந்துவிடும்.

இரண்டு, திணறிய சொற்கள் எல்லாம் ஒரே சாதி அல்ல. பிரித்துப் பாருங்கள். இம்மொழி, சுக்கோத்காவில் பக்கத்தில் வாழும் மக்களின் சுக்சி மொழியிலிருந்து ஏராளமான இடைச்சொற்களைக் கடன் வாங்கியிருக்கிறது. வில்லெம் டி ரூஸ் 1994 இல் வெளியிட்ட நூல் இந்த உறவை விரிவாகப் பேசுகிறது. 'ஆனால்', 'பிறகு', 'ஒருவேளை' போன்ற வேலையைச் செய்யும் சிறு சொற்கள் அவை. அவற்றுக்கு விகுதி கிடையாது. பகுக்க ஒன்றும் இல்லை. அப்படியே அகராதியில் ஏற்றினால் போதும். தீவில் ஆங்கிலச் சொற்களும், அக்கரையில் உருசியச் சொற்களும் யூபிக் விகுதியோடு வரும். அவற்றை 'கலப்பு' என்று ஒதுக்காமல், எந்த விகுதி அவற்றோடு எப்படி ஒட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து வந்த சொல்லை ஒரு மொழி எப்படித் தன் விதிக்குள் இழுக்கிறது என்று அங்கேதான் தெரியும். இவை இரண்டும் கழிந்த பிறகு மிஞ்சுபவைதான் நான் தேடும் சொற்கள்: வேட்டைக்காரரின் சொல், தோல் தைப்பவரின் சொல், பனிக்கட்டியின் சொல்.

—

கடலோரம் எழுதியது:

பனிக்கட்டியின் சொல் என்றதும் நினைவுக்கு வந்தது. 2004 இல் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் ஆர்க்டிக் ஆய்வு மையமும் சவூங்காவின் திமிங்கில வேட்டைத் தலைவர்கள் சங்கமும் சேர்ந்து, கடற்பனியையும் வானிலையையும் தீவார் எப்படிக் கவனிக்கிறார்கள் என்று ஒரு நூல் கொண்டுவந்தார்கள். கேம்பலைச் சேர்ந்த கான்ராட் ஊசேவா என்ற பெரியவர் தந்த கடற்பனிச் சொற்கள் விளக்கத்தோடு அதில் இருக்கின்றன. வால்ரஸ் வேட்டைக்குப் போகிறவனுக்கு எந்தப் பனி தாங்கும், எது உடையும், எது காற்று மாறினால் கரையை விட்டு நகர்ந்துவிடும் என்று தெரியாமல் இருந்தால் உயிர் போகும். அந்தச் சொற்கள் உயிர் காத்தவை.

இந்த நூலை உங்கள் எந்திரத்துக்குக் கொடுத்தால் என்ன ஆகும் என்று அறிய ஆவலாக இருக்கிறது. ஆனால் கொடுப்பதற்கு முன் ஒன்று. இந்தச் சொற்களும் கதைகளும் அந்த இரண்டு ஊர்க்காரர்களுடையவை. எந்தப் பனுவலைக் கணினியில் ஏற்றலாம், எதைப் பொதுவில் வைக்கலாம் என்று அவர்களைக் கேட்க வேண்டும். நூலாக அச்சிட்டுவிட்டார்கள் என்பதால் எல்லாவற்றுக்கும் ஒப்புதல் கொடுத்துவிட்டார்கள் என்று பொருள் அன்று. ஒருவர் வீட்டுக் கதையை அவர் நம் காதில் சொன்னார் என்பதற்காக நாம் கடைவீதியில் சொல்வோமா?

—

நன்னூல்மாணவி எழுதியது:

இல்லை அம்மா, அந்த நூலைத் தொடவில்லை, தொடவும் மாட்டேன். நான் பயன்படுத்துவது என் கையில் உள்ள இலக்கண நூலின் பயிற்சி வாக்கியங்கள் மட்டும். அவையும் என் கணினியை விட்டு வெளியே போகவில்லை. என் எந்திரம் கற்பதற்காகச் செய்தது. சிவுகாக்காருக்குப் பயன்படும் கருவி அங்கேயிருந்தும், அவர்களோடு வேலை செய்பவர்களிடமிருந்தும்தான் வர வேண்டும், வந்துகொண்டும் இருக்கிறது.

ஆனாலும் இங்கே பேசியதை வைத்து நேற்று ஒன்று செய்தேன். இதுவரை என் நிரல் திணறிய சொல்லைக் கண்டால் ஒரு கேள்விக்குறியை அச்சிட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடும். அதை மாற்றினேன். இப்போது அந்தச் சொல்லை, அது வந்த முழு வாக்கியத்தோடும் பாட எண்ணோடும் பக்க எண்ணோடும் தனிக் கோப்பில் எழுதி வைக்கிறது. கோப்புக்கு 'நீலப்பெட்டி' என்று பெயர் வைத்தேன். அகராதிக்காரன் ஐயா தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன்.

முதல் தடவை ஓட்டியபோது பெட்டி நிரம்பி வழிந்தது. உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பெரும்பகுதி என் குறைதான். நான் தட்டச்சு செய்யும்போது விட்ட எழுத்துகள் சில. ஐயா சொன்னது போலவே இடைச்சொற்கள் ஒரு கூட்டம்; பெயரையும் வினையையும் மட்டும் ஏற்றிவிட்டு அவற்றை நான் மறந்தே போயிருந்தேன். அவற்றைச் சேர்த்ததும் பட்டியல் பாதிக்கு மேல் இறங்கியது. அடுத்து, என்னும் ஜியும் எச்சும் சேர்ந்து வரும் அந்த இடம். எதிர்மறை ஒட்டில் மட்டும் திருத்திவிட்டு முடிந்தது என்று நினைத்திருந்தேன். அதே மூன்றெழுத்து வேறு சொற்களிலும் வருகிறது. அவை வரிசையாக வந்து நின்றன. விதியை ஒட்டோடு கட்டாமல் எழுத்து முறையோடு கட்டி, இன்று காலை மறுபடி எழுதினேன்.

இப்போது பெட்டியில் பதினோரு சொற்கள் மிஞ்சியிருக்கின்றன. எழுத்துப் பிழை இல்லை, கடன் சொல் இல்லை, நான் எழுதிய விதி எதுவும் அவற்றைப் பிரிக்கவில்லை. புத்தகத்தின் பின்பாடங்களில் விளக்கம் இருக்கலாம். ஏழாம் பாடத்தோடு நின்றுவிட்டேன். இன்று இரவு எட்டாம் பாடம் தொடங்குகிறேன். பெட்டியை மூடவில்லை.

—

அகராதிக்காரன் எழுதியது:

பெயரைப் பார்த்தேன் அம்மா. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொன்றில் எத்தனை எட்டாம் பாடத்தில் விடுபடுகின்றன என்று எழுதுங்கள். கோப்பின் நகல் ஒன்றை வேறோர் இடத்திலும் வையுங்கள்.